கேட்டறிந்து எழுதிய பேராசான்

எழுதும் ஆற்றல் இருந்தும் எழுதத் துணியாதார் நம்மிடையே பலர். பிழை நேர்ந்துவிடுமோ, கற்றோர் நகைப்பரோ என்னும் அச்சமே அவர்தம் கையைத் தடுத்து நிறுத்துகின்றது. தமிழுலகம் தலைமேற்கொண்டு போற்றும் பேரறிஞர் ஒருவரும் இத்தகைய தயக்கத்தைக் கடந்தே எழுதினார். அதற்குச் சமணப் பெருமக்கள் உற்ற துணையாக நின்றனர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அவ்வறிஞர், மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

அன்றைய தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சார்ந்த இசைவாணர் வேங்கடசுப்பையரின் மைந்தராக, 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் ஐயர் பிறந்தார். வறுமை சூழ்ந்த குடும்பம். ஆயினும் தமிழ்மேல் தணியாத காதல். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து, 1876இல் அவர் மறையும் வரையில் உடனிருந்து கற்றார். புராணங்களும் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் கோவைகளும் அவர் நெஞ்சில் நிறைந்தன. 1880ஆம் ஆண்டு தியாகராச செட்டியாரின் பரிந்துரையால், குடந்தை அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்து.

அவ்வாண்டு அக்டோபரில், குடந்தைக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். எந்நூல்களைக் கற்றீர் என முதலியார் வினவ, ஐயர் தாம் பயின்றவற்றை வரிசையாகக் கூறினார். முதலியார் அவற்றால் நிறைவு கொள்ளவில்லை. சிந்தாமணியும் சிலம்பும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே ஐயரின் விடை. பல நூல்களைப் பாடங்கேட்டுத் தேர்ந்த ஒருவர்க்கு அவ்விடை எளிதன்று. ஆயினும் ஐயர் சினம் கொள்ளவில்லை, அறிந்தவர்போல் நடிக்கவுமில்லை. முதலியார் அளித்த சிந்தாமணிப் பிரதியைப் பெற்று, அவருடனேயே அமர்ந்து படிக்கத் தொடங்கினார்.

திருத்தக்க தேவர் இயற்றிய சீவக சிந்தாமணி 13 இலம்பகங்களும் 3145 செய்யுட்களும் கொண்டது. செய்யுள் நயத்தை ஐயரின் புலமை உணர்ந்தது. ஆனால் கடவுள் வாழ்த்திலேயே சமண சமயக் கருத்துகள் அவரைத் தடுத்து நிறுத்தின. நச்சினார்க்கினியர் உரையோ, அறிந்தார்க்கே விளங்கும் சுருக்கம் உடையது. ஏட்டில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இல்லை. பாட்டும் உரையும் பிரித்தறிய இயலாமல் கலந்து கிடந்தன.

இந்நிலையில்தான் குடந்தைச் சமணர் இல்லங்களை ஐயர் நாடினார். சந்திரநாத செட்டியார் இல்லத்திற்குச் சென்றபோது வாயில் அணிசெய்யப்பட்டிருந்தது. மணவிழாவோ என ஐயுற்றவர்க்கு, பல மாதங்களாகப் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவுற்ற விழா அது என்பது தெரிந்தது. புலவர்கள் மறந்த காப்பியத்தை இல்லறத்தார் தம் சமய நூலாக வாழவைத்திருந்தனர். பிற சமயத்தினர் என்று கருதாமல், அவர்கள் ஐயரை அன்புடன் ஏற்று, அவர் கேட்ட ஐயங்களை எல்லாம் தீர்த்தனர். ஐயரும் பேராசிரியர் என்னும் நிலையை மறந்து மாணவராய் அமர்ந்தார். நச்சினார்க்கினியர் தம் முதலுரையைச் சமணர் ஒப்பாமையால், சமண நூல்களைப் பயின்று மீண்டும் உரை வரைந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. உரையாசிரியர் சென்ற அதே வழியில் பதிப்பாசிரியரும் சென்றார்.

அச்சிடும் எண்ணம் எழுந்தபோது அச்சமும் உடன் எழுந்தது. வீரசோழியம் முதலியவற்றைப் பதிப்பித்துப் புகழ்பெற்றிருந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, சிந்தாமணியைத் தாமே வெளியிட விரும்பிக் கேட்டார். அனுபவமும் பெயரும் உடைய அவரிடம் ஒப்படைத்துவிட்டால் பொறுப்பு நீங்கும். ஐயர் மனம் ஊசலாடியது. ஆயினும், ஒவ்வொரு சொல்லுக்கும் உழைத்துப் பொருள் கண்டவர் தாம் என்னும் உணர்வு இறுதியில் அவருக்கு உறுதி தந்தது. தாமே பதிப்பிக்கத் துணிந்தார். பொருள் வளம் இல்லை, கையொப்பம் திரட்டினார். கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுப் படிகளைத் திருத்தினார். செய்யுள் இயற்றிப் பழகிய கைக்கு, உரைநடையில் முகவுரையும் வரலாறும் எழுதுவது புதிய பணி. அதையும் எழுத எழுதவே கற்றார்.

1887இல் சிந்தாமணி வெளிவந்தது. சைவ மரபில் வளர்ந்தவர் சமண நூலைப் பதிப்பிப்பதா எனச் சிலர் முகஞ்சுளித்தனர். குறைகூறி எழுதினோரும் உண்டு. ஐயர் வாதப்போரில் காலம் கழிக்கவில்லை. அடுத்த ஏட்டை எடுத்தார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என நூல்கள் தொடர்ந்து வந்தன. முன்னர்த் தாம் கற்றதில்லை என்று ஒப்புக்கொண்ட மூன்று காப்பியங்களையும் பதினெட்டு ஆண்டுகளுக்குள் தமிழர் கையில் அளித்துவிட்டார்.

கொங்குநாடும் அவருக்குக் கடமைப்பட்டுள்ளது. நம் காங்கேயத்திற்கு வடக்கே உள்ள விசயமங்கலத்தோடு தொடர்புடைய கொங்குவேளிரின் பெருங்கதையை, முதலும் முடிவும் கிடைக்காத நிலையிலும் 1924இல் பதிப்பித்தார். சீனாபுரத்தவராகக் கருதப்படும் பவணந்தி முனிவரின் நன்னூலை மயிலைநாதர் உரையுடன் வெளியிட்டவரும் அவரே. முதுமையில் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோது, தம் அறியாமையையும் தயக்கங்களையும் மறைக்காமல் உரைத்தார். அத்தொடர் முற்றுப்பெறுமுன், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இயற்கை எய்தினார்.

தெரியாது என்று சொல்லும் நேர்மை, தெரிந்தாரைத் தேடிக் கேட்கும் பணிவு, கேட்டதைச் சலியாமல் சரிபார்க்கும் உழைப்பு ஆகிய மூன்றுமே ஐயரின் துணிவுக்கு அடித்தளம். புகழ்மொழியால் பிறக்கும் துணிவு இகழ்மொழியால் அழியும். உழைப்பால் பிறந்தது அழியாது.

நம் இல்லங்களிலும் முதியோர் நினைவில் மட்டுமே வாழும் நோன்பு முறைகளும் கோயில் வரலாறுகளும் குடும்பச் செய்திகளும் உள்ளன. குடந்தைச் சமணர் தாம் அறிந்ததைச் சொல்லியிராவிடில் சிந்தாமணிப் பதிப்பு அத்துணைத் தெளிவு பெற்றிராது. இளையோர் இத்திருநாளில் பெரியோர் அருகே அமர்ந்து கேட்கட்டும். கேட்டதை ஒரு பக்கமேனும் எழுதட்டும். முதற்பக்கத்தில் பிழை இருப்பின் திருத்திக்கொள்ளலாம். எழுதாமல் விட்டதைத் திருத்த எவராலும் இயலாது.