துறைமுகக் குமாஸ்தாவின் குடும்பக் கணக்கு

மாதச் சம்பளம் 30 ரூபாய். அதை நம்பித் தாய் உண்டு, தகப்பன் உண்டு, பாட்டி உண்டு, மனைவி உண்டு. படிக்கிற வயதில் இரண்டு தம்பிகளும் உண்டு.

1912-ம் ஆண்டில் சென்னைத் துறைமுக ஆபீசில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவின் நிலைமை இது. அந்தக் குமாஸ்தாதான் பின்னாளில் உலகம் போற்றிய கணித மேதை ராமானுஜம்.

அவர் கண்டுபிடித்த கணக்குகளைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டும். ஆனால் அவர் போட்ட குடும்பக் கணக்கு எல்லோருக்கும் புரியும். சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மிச்சம் இல்லாத வீடு

ராமானுஜம் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் சீனிவாச அய்யங்கார் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். அவருக்கு மாதச் சம்பளம் 20 ரூபாய்.

அது போதவில்லை. தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடிச் சில ரூபாய் சம்பாதித்தார். வெளியூரிலிருந்து வந்து கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இடமும் சாப்பாடும் கொடுத்தார். அதிலும் கொஞ்சம் பணம் வந்தது. வந்த பணம் வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாகப் போயிற்று. சேமிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ராமானுஜம் கணக்கில் புலி. மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தில் தவறி, உதவித் தொகையை இழந்தார். பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் படித்தார். அங்கும் தேறவில்லை.

1909-ம் ஆண்டில் ஜானகி என்ற சிறுமியை அவருக்கு மணம் முடித்தார்கள். அடுத்த ஆண்டு அவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. வீட்டில் பணம் இல்லை. இரக்கமுள்ள ஒரு டாக்டர் காசு வாங்காமல் செய்து கொடுத்தார். அவசரத்துக்கு நாலு காசு இல்லாத குடும்பம் எப்படித் தவிக்கும் என்பதை ராமானுஜம் அப்போது கண்டார்.

பிறர் பணம் வேண்டாம்

வேலை தேடி அலைந்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் அவருடைய திறமையைக் கண்டு வியந்தார். மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். கணக்குப் போட்டுக்கொண்டே காலம் தள்ளலாம். வேறு ஒருவராக இருந்தால் அதுவே போதும் என்று இருந்திருப்பார்.

ராமானுஜத்துக்கு மனம் ஒப்பவில்லை. எத்தனை நாளைக்கு ஒருவருக்குப் பாரமாக இருப்பது? சொந்தக் காலில் நிற்க விரும்பினார். துறைமுக டிரஸ்டுக்கு மனுப் போட்டார். 1912 மார்ச் 1-ந் தேதி கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், முத்தியால்பேட்டையைச் சேர்ந்த சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். முதலில் பாட்டி உடன் இருந்தார். பிறகு தாயாரும் மனைவி ஜானகியும் வந்து சேர்ந்தார்கள்.

அந்த நாளில் காகிதம் வாங்குவதே அவருக்குப் பெரிய செலவு. அதனால் சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். மறுபடியும் எழுதுவார். முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். துறைமுகத்தில் சாமான் சுற்றி வந்த காகிதத்தையும் எடுத்து அதில் கணக்குப் போட்டார் என்று சொல்வார்கள். குடும்பத்துக்குப் போகவேண்டிய பணத்தில் அவர் கை வைக்கவில்லை. தம்முடைய செலவைத்தான் சுருக்கிக்கொண்டார்.

ஆபீசில் அவருக்கு மேலே இருந்த நாராயண அய்யரும் கணக்கில் வல்லவர். டிரஸ்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற வெள்ளைக்காரர். இருவரும் ராமானுஜத்தை ஆதரித்தார்கள். 1913 ஜனவரியில் ராமானுஜம் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் அவருடைய வாழ்க்கையை மாற்றியது. அதே ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித் தொகை கொடுத்தது. குமாஸ்தா வேலை முடிந்தது.

ஐந்தில் ஒரு பங்கு

1914 மார்ச் 17-ந் தேதி ராமானுஜம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். எந்தத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்து கணக்கு எழுதினாரோ, அதே துறைமுகத்திலிருந்து புறப்பட்டார்!

பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் தருவதாக ஒப்புக்கொண்டது. அந்தக் காலத்தில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். மாதத்துக்குப் பார்த்தால் 300 ரூபாய்க்கு மேல்.

பிள்ளை சீமைக்குப் போய்விட்டால் கும்பகோணத்தில் அடுப்பு எப்படி எரியும்? அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு நடந்தது. உதவித் தொகையிலிருந்து மாதம் 60 ரூபாயைப் பல்கலைக்கழகமே எடுத்துக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். மீதிதான் ராமானுஜத்துக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீட்டுக்கு. நான்கு பங்கு அவருக்கு. ஆனால் அந்த ஒரு பங்கே அவர் துறைமுகத்தில் வாங்கிய சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கு. தகப்பனாரின் பழைய சம்பளத்தைப்போல் மூன்று மடங்கு!

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு. பெற்றோர் மாதா மாதம் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியதில்லை. பிள்ளையும் இந்த மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்று குழம்ப வேண்டியதில்லை. தொகை நிலையானது. கைக்கு வருமுன்பே பிரிந்துவிடும். கடல் கடந்து போன பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. இங்கிலாந்திலும் அவர் தாமே சமைத்துச் சாப்பிட்டு எளிமையாக வாழ்ந்தார்.

ஒரு கடிதம்

1918-ம் ஆண்டில் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியும் அவருக்குப் பதவி கொடுத்துக் கவுரவித்தது. சென்னைப் பல்கலைக்கழகம் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது. இளமையில் காகிதத்துக்கும் கஷ்டப்பட்டவர் அவர். இப்போது தேவைக்கு மேல் பணம் வரப்போகிறது.

அப்போது அவர் உடல் நலிந்து மருத்துவமனையில் இருந்தார். 1919 ஜனவரி 11-ந் தேதி பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு வரும் தொகை தம் தேவையை விட அதிகம் என்று கூறினார். ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குத் தரவேண்டும். தம்முடைய அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும். இதுவே அவர் விருப்பம்.

உதவித் தொகை இல்லாமல் படிப்பு நின்ற துன்பத்தை அனுபவித்தவர் அல்லவா? பணம் வந்தபோது அதை அவர் மறக்கவில்லை.

விட்டுப்போன ஒரு வரி

அந்த நல்ல கடிதத்தில் மனைவிக்கென்று தனியாக ஒரு தொகை இல்லை. ராமானுஜத்தைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு வயது 31. ஊருக்குத் திரும்பி மனைவியோடு வாழப் போகிறோம் என்றுதான் நினைத்தார். விவரங்களை ஊர் வந்தபின் பேசி முடிக்கலாம் என்றும் எண்ணினார்.

விதி இடம் தரவில்லை. 1919-ல் ஊர் திரும்பினார். நோயோடும் ஓயாமல் கணக்குப் போட்டார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அந்த ஏற்பாடுகளை முடிக்க அவர் இல்லை.

ஜானகி அம்மாளுக்கு அப்போது 21 வயது. குழந்தை இல்லை. பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் பென்ஷன் கொடுத்தது. அம்மையார் பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்து தையல் கற்றுக்கொண்டார். 1931-ல் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் தங்கினார். தையல் வேலையால் வந்த வருமானத்தையும் பென்ஷனையும் கொண்டு தம் காலில் நின்றார். ஒரு பிள்ளையைத் தத்து எடுத்து வளர்த்து ஆளாக்கினார். வேறு பல பிள்ளைகளுக்கும் ஆதரவு கொடுத்தார். பிற்காலத்தில் துறைமுக டிரஸ்டும் அவருக்குப் பென்ஷன் வழங்கியது. 1994-ல் அம்மையார் மறைந்தார்.

நம் வீட்டுக் கணக்கு

ராயபுரத்தில் 1993-ல் தொடங்கப்பட்ட ராமானுஜம் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்து, ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கும் தம்பி தங்கைகளுக்கும் பணம் அனுப்புகிறவர்கள் எத்தனையோ பேர். கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் கை வெறுமையாகும். கொடுக்காமல் இருந்தால் மனம் வெறுமையாகும்.

ராமானுஜத்தின் கணக்கு இதற்கு வழி காட்டுகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு பங்கை முதலில் பிரித்து வையுங்கள். அதை மாதம் தவறாமல் கொடுங்கள். உங்கள் செலவைச் சுருக்குங்கள்.

அவருடைய கணக்கில் விட்டுப்போன வரியையும் சேர்த்து எழுதுங்கள். கூட வாழ்கிறவள் பெயரிலும் மாதம் ஒரு சிறு தொகை போட்டு வையுங்கள். பெற்றோரின் பங்கைக் குறைக்க வேண்டாம். வேறு செலவைக் குறைத்துப் போடுங்கள். நீங்கள் இல்லாத நாளிலும் அந்தக் கணக்கு நடக்க வேண்டும்.