3,400 மணி நேரம்

பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆவணக் காப்பகத்தில் ஆயிரக்கணக்கான பழைய அட்டைகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. முதல் உலகப் போரின்போது தொண்டூழியம் செய்தவர்களின் பணிக்குறிப்புகள் அவை. அந்தப் போரில் 90,000க்கும் மேற்பட்டோர் அச்சங்கத்திற்காகத் தொண்டாற்றினர். ஒருவர் எந்த மருத்துவமனையில், எப்போது முதல் எப்போது வரை, எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதை அவருடைய அட்டையைப் பார்த்தே அறியலாம். அவற்றுள் ஓர் அட்டை அகதா கிறிஸ்டியுடையது. பின்னாளில் துப்பறியும் நாவல்களால் உலகப் புகழ் பெற்ற அதே அகதா கிறிஸ்டிதான்.

அவர் 1890ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரை நகரமான டார்க்கியில் பிறந்தார். 1914இல் போர் மூண்டபோது அவருக்கு வயது 23. அவ்வூர் நகர மண்டபம் காயமடைந்த வீரர்களுக்கான மருத்துவமனையாக மாற்றப்பட்டது. அக்டோபர் மாதம் அகதா அங்கே தாதியாகச் சேர்ந்தார். சம்பளம் கிடையாது. வசதியான குடும்பத்தில் வளர்ந்த அவர், தரையைத் தேய்த்துக் கழுவினார். புண்களுக்குக் கட்டுப் போட உதவினார். முதன்முதலாக அறுவைச் சிகிச்சையைப் பார்த்தபோது அவருக்குத் தலை சுற்றியது. ஆனாலும், வேலையை விடவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் உடனே போர்முனைக்குத் திரும்பிவிட்டார்.

பின்னர், அகதா அதே மருத்துவமனையின் மருந்தகத்திற்கு மாறினார். மருந்து கலப்பவர் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்பதால், நகரிலிருந்த மருந்தாளர் ஒருவரிடம் பயிற்சிக்குச் சென்றார். அம்மருந்தாளர் விசித்திரமானவர். குராரே என்னும் கொடிய நஞ்சின் கட்டி ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பாராம்!

ஒருநாள், அவர் மருந்துக் குளிகைகள் செய்துகொண்டிருந்தார். அருகில் நின்ற அகதா கணக்கைக் கவனித்தார். தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. சேர்க்க வேண்டிய அளவைவிடப் பன்மடங்கு மருந்து சேர்ந்துவிட்டது. அது நோயாளியின் கைக்குப் போனால் என்ன ஆகும்? ஆனால், அவரோ அனுபவம் மிக்கவர். அகதா பயிற்சிக்கு வந்த இளம்பெண். தவற்றைச் சுட்டிக்காட்டினால் அவர் ஏற்றுக்கொள்வாரா என்று தயங்கினார். நேரமும் இல்லை. அகதா தடுமாறுவதுபோல் நடித்துப் பலகையைத் தட்டிவிட்டார். கீழே விழுந்த குளிகைகளைக் காலால் நன்றாக மிதித்தார். பிறகு, மன்னிப்புக் கேட்டார். மருந்தாளர் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. நேருக்கு நேர் சொல்லியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றலாம். அந்தக் காலத்தில் அது அவ்வளவு எளிதன்று.

1917இல் அகதா தேர்வில் தேறினார். அதன்பின் ஆண்டுக்கு 16 பவுண்டு ஊதியம் கிடைத்தது. மருந்தகத்தில் சில நாள்களில் வேலை குவியும். சில நாள்களில் ஓய்வு கிடைக்கும். நஞ்சுப் புட்டிகள் சூழ்ந்த அந்த அறையில்தான் அவருடைய முதல் துப்பறியும் கதை கருக்கொண்டது. கதையில் ஸ்டிரிக்னின் என்னும் நஞ்சு கொலைக்குப் பயன்படுகிறது. போரால் பெல்ஜியத்திலிருந்து அகதிகள் டார்க்கிக்கு வந்திருந்தனர். அவர்களைக் கண்டதால் துப்பறிவாளர் ஹெர்க்யூல் புவாரோவையும் பெல்ஜியராகவே படைத்தார். பதிப்பகங்கள் சில மறுத்த பின்னர், 1920இல் அந்நாவல் வெளிவந்தது. மருந்தியல் இதழ் ஒன்று, நஞ்சைப் பற்றி அவர் சரியாக எழுதியிருப்பதைப் பாராட்டியது. அந்தப் பாராட்டு அவருக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. சட்டைப்பையில் நஞ்சு வைத்திருந்த மருந்தாளரையும் அவர் மறக்கவில்லை. 1961இல் எழுதிய நாவலொன்றுக்கு அந்த நினைவு உதவியது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது, புகழின் உச்சியில் இருந்த அகதா, லண்டன் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் மீண்டும் தொண்டூழியராகப் பணியாற்றினார். 1976இல் அவர் காலமானார்.

செஞ்சிலுவைச் சங்க அட்டைகளை இப்போது இணையத்தில் காணலாம். அவற்றைப் படித்துக் கணினியில் பதிவு செய்தவர்களும் தொண்டூழியர்களே. அகதாவின் அட்டையில் 1918 செப்டம்பர் வரையிலான பணிக்காலமும் 3,400 மணி நேரமும் குறிக்கப்பட்டுள்ளன. குளிகைகளை மிதித்த கதை அதில் இல்லை. அது, அவர் மறைந்த மறு ஆண்டு வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் இருக்கிறது.