கேளாச் செவியில் எழுந்த இசை

நுழையும்முன்

ஓவியருக்குக் கண் எத்தகையதோ, இசைவாணருக்குச் செவி அத்தகையது. கலை முதிர்ந்து புகழ் பெருகும் வேளையில் அச்செவி மெல்ல மெல்ல ஒடுங்கத் தொடங்கினால், அக்கலைஞரின் வாழ்வு என்னவாகும்? ஐரோப்பிய இசை வரலாற்றில் இவ்வினாவைத் தம் வாழ்வாலேயே எதிர்கொண்டவர் லுட்விக் வான் பீத்தோவன். அவர் இயற்றிய சொனாட்டா ஒன்றின் இயல்பை நடுவாகக் கொண்டு, அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் பயிற்சியும்

இன்றைய செருமனியில், ரைன் ஆற்றின் கரையில் அமைந்துள்ள பான் நகரம் பீத்தோவன் பிறந்த ஊராகும். 1770ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள் அவர் திருமுழுக்குப் பெற்றதைத் தேவாலயப் பதிவேடு காட்டுகிறது. அவருடைய பாட்டனார் பான் நகர அரசவையின் இசைத் தலைவர். தந்தை யோகான் அதே அவையின் பாடகர். மகனின் திறமையைக் கண்ட தந்தை, அவரைச் சிறுவன் மோட்சார்ட்டைப் போல் ஊர் வியக்கும் குழந்தை மேதையாக்க விரும்பினார். அதனால் பயிற்சி கடுமையாக அமைந்தது. 1778ஆம் ஆண்டு கொலோன் நகரில் நிகழ்ந்த முதல் அரங்கேற்றத்தின்போது ஏழு வயது நிரம்பியிருந்த மகனை, ஆறு வயதுச் சிறுவன் என்று விளம்பரப்படுத்தினார்.

அச்சமின்றி இசையை நேசிக்கக் கற்பித்தவர் கிறிஸ்டியன் நீஃபெ என்னும் ஆசிரியர். அவர் பாக் என்னும் பெரும் இசையமைப்பாளரின் படைப்புகளை மாணவருக்கு அறிமுகம் செய்தார். 1783ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், பீத்தோவன் இயற்றிய மூன்று சொனாட்டாக்கள் அச்சேறின.

இளமை நீடிக்கவில்லை. 1787ஆம் ஆண்டு வியன்னாவுக்குச் சென்றிருந்தவர், தாயார் நோயுற்ற செய்தி கேட்டு விரைந்து திரும்பினார். அவ்வாண்டே தாயார் காசநோயால் மறைந்தார். தந்தை மதுவுக்கு அடிமையானார். பதினெட்டு வயதில், தந்தையின் ஊதியத்தில் ஒரு பாதியைத் தம்மிடம் வழங்குமாறு அரசவைக்கு விண்ணப்பித்து, இரு தம்பியரையும் காக்கும் பொறுப்பைப் பீத்தோவன் ஏற்றார்.

வியன்னாவில் வளர்ந்த புகழ்

1792ஆம் ஆண்டு நவம்பரில் பீத்தோவன் மீண்டும் வியன்னாவை அடைந்தார். புகழ்பெற்ற இசையமைப்பாளர் யோசப் ஹைடனிடம் பயின்றார். எழுதி வைக்காமல், அமர்ந்த இடத்திலேயே புதிய இசையைப் படைத்து வாசிக்கும் ஆற்றலால் அந்நகரத்துப் பிரபுக்களைக் கவர்ந்தார். 1796ஆம் ஆண்டு மூன்று பியானோ சொனாட்டாக்களை வெளியிட்டு, அவற்றைத் தம் ஆசிரியர் ஹைடனுக்குக் காணிக்கையாக்கினார்.

சொனாட்டா என்பது பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பகுதிகளைக் கொண்ட கருவியிசை வடிவமாகும். அதன் முதற்பகுதி விரைவாகவும், நடுப்பகுதி மெதுவாகவும், இறுதிப் பகுதி மீண்டும் விரைவாகவும் அமைவது அக்கால மரபு. முதற்பகுதிக்கெனத் தனியொரு கட்டமைப்பும் உண்டு. வேறுபட்ட இயல்புடைய இரு இசைக்கருத்துகள் முதலில் முன்வைக்கப்படும். அடுத்து, அவை பிரிக்கப்பட்டும் மோதவிடப்பட்டும் பல திசைகளில் விரிக்கப்படும். முடிவில் இரண்டும் ஒரே சுரநிலையில் மீண்டு வந்து அமைதி பெறும். இக்கட்டமைப்பு ஒரு நாடகத்தின் போக்கை ஒத்தது. ஹைடனும் மோட்சார்ட்டும் செம்மைப்படுத்திய இவ்வடிவத்தைப் பீத்தோவன் தம் உள்ளத்தின் களமாக மாற்றினார். 32 பியானோ சொனாட்டாக்கள் இன்று அவருடைய பெயரால் வாசிக்கப்படுகின்றன.

தெரிந்து தெளிவோம்
பியானோவை உருவாக்கியவர் இத்தாலியரான பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி. 1700ஆம் ஆண்டையொட்டி இக்கருவி தோன்றியது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி கம்பியைத் தட்டும். அழுத்தத்திற்கேற்ப ஒலி மென்மையாகவோ வன்மையாகவோ எழும். விரலை எடுத்ததும் ஒலியடக்கி கம்பியின்மேல் படிந்து ஒலியை நிறுத்தும். பீத்தோவனின் இளமைக்காலப் பியானோக்கள் ஐந்து சுரமண்டல அளவே கொண்டவை. இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உள்ளன.

செவியில் விழுந்த நிழல்

ஏறத்தாழ 1798ஆம் ஆண்டிலிருந்து பீத்தோவனின் கேள்விப்புலன் குறையத் தொடங்கியது. காதுகளில் இடைவிடாத இரைச்சல் கேட்டது. இசைக்கருவிகளின் உயர்ந்த சுரங்கள் தொலைவிலிருந்து செவிக்கு எட்டவில்லை. பிறர் மெதுவாகப் பேசினால் சொற்கள் விளங்கவில்லை. உரத்துப் பேசினாலோ தாங்க இயலவில்லை. பிறரிடம் உரத்துப் பேசுமாறு வேண்ட இசைவாணராகிய அவருக்கு நாணம் இடந்தரவில்லை. ஆகவே அவர் கூட்டங்களைத் தவிர்த்தார்; மற்றவர்களோ அவரைச் செருக்குடையவர் என எண்ணினர். 1801ஆம் ஆண்டு, மருத்துவரும் இளமை நண்பருமான ஃபிரான்ஸ் வேகலருக்கு எழுதிய கடிதத்தில்தான் தம் துயரை அவர் வெளிப்படுத்தினார். அதனை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அதே 1801ஆம் ஆண்டில் அவர் இயற்றியதுதான் சி ஷார்ப் மைனர் சுரநிலையில் அமைந்த சொனாட்டா. உலகம் அதனை 'நிலவொளி சொனாட்டா' என்று அழைக்கிறது. அப்பெயர் பீத்தோவன் இட்டதன்று. ரெல்ஸ்டாப் என்னும் எழுத்தாளர் அதன் முதற்பகுதியை ஏரியின்மேல் விழும் நிலவொளிக்கு ஒப்பிட்டார். அவ்வுவமையே பெயராக நிலைத்தது. பீத்தோவன் இட்ட தலைப்பின் பொருள், 'கற்பனைப் பாங்கில் அமைந்த சொனாட்டா' என்பதாகும். 1802ஆம் ஆண்டு அது வெளிவந்தது. தம்மிடம் பியானோ பயின்ற ஜூலியட்டா குவிச்சியார்டி என்னும் பிரபு குலப் பெண்ணுக்கு அதனை அவர் காணிக்கையாக்கினார்.

மூன்று பகுதிகள், ஒரே பயணம்

இந்தச் சொனாட்டா மரபை முதல் அடியிலேயே மாற்றுகிறது. விரைவான தொடக்கத்தை எதிர்பார்த்தவர்களுக்கு மிக மெதுவான ஒரு பகுதி முன்வருகிறது. வலக்கையில் மும்மூன்று சுரங்கள் ஓயாமல் அலைபோல் எழுந்து விழுகின்றன. இடக்கையில் ஆழ்ந்த சுரங்கள் நீண்டு ஒலிக்கின்றன. இவ்விரண்டிற்கும் மேலே ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டு ஒரு மெல்லிய பண் பிறக்கிறது. அது உயர்ந்து முழங்கிவிடவும் இல்லை. முற்றிலும் அடங்கிவிடவும் இல்லை. இப்பகுதி முழுவதையும் மிக நுண்மையாக, ஒலியடக்கிகளை விலக்கி வாசிக்க வேண்டும் என்று பீத்தோவன் குறித்துள்ளார். அக்காலப் பியானோவின் ஒலி விரைவில் தேய்ந்துவிடும். ஆதலால் ஒரு சுரத்தின் நிழல் அடுத்ததன்மேல் மெல்லப் படிந்தது. நெடுநேரம் அதிரும் இன்றைய பியானோவில் அக்குறிப்பை அப்படியே பின்பற்றினால் சுரங்கள் குழம்பிவிடும். எனவே இன்றைய கலைஞர்கள் காலால் இயக்கும் பெடலைப் பாதியளவு அழுத்தியும் அடிக்கடி மாற்றியும் அவ்விளைவைப் பெற முயல்கின்றனர்.

இரண்டாம் பகுதி குறுகியது. மேஜர் சுரநிலையில் அமைந்தது. இருண்ட அறையின் பலகணியைச் சற்றே திறந்தாற்போல ஓர் எளிய நடனத்தின் சாயல் வந்து போகிறது. அடிப்படைச் சுரத்திற்குரிய கட்டை முதற்பகுதியில் இருந்த அதே கட்டைதான். சுரங்களின் உறவு மாறியதும் உணர்ச்சியே மாறிவிடுகிறது.

மூன்றாம் பகுதியில் புயல் எழுகிறது. முதற்பகுதியில் மெல்ல அசைந்த அதே சுரக்கூட்டம், இங்கே கீழிருந்து மேல்நோக்கிப் பாய்ந்து, உச்சியில் இரு வன்மையான தட்டுகளாக வெடிக்கிறது. இதில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. இப்பகுதியில் பல இடங்களைப் பீத்தோவன் மென்மையாக வாசிக்குமாறே குறித்திருக்கிறார். அடக்கப்பட்ட மென்மையிலிருந்து திடீரெனப் பீறிடுவதால்தான் வன்மை அச்சமூட்டுகிறது. முன்வைத்தல், விரித்தல், மீளுதல் என்னும் நாடகக் கட்டமைப்பும் இறுதிப் பகுதியிலேயே முழு ஆற்றலுடன் அமைகிறது. வழக்கமாகத் தொடக்கத்தில் இருக்கும் எடை இங்கே முடிவுக்கு நகர்ந்துள்ளது.

காணிக்கை பெற்ற பெண்ணை நினைத்துச் சிலர் இதனைக் காதல் பாடல் என்பர். நிலவை நினைத்துச் சிலர் அமைதிப் பாடல் என்பர். ஆனால் முதற்பகுதியோடு நிறுத்திக்கொள்வோரே அவ்வாறு கூற இயலும். மூன்று பகுதிகளையும் தொடர்ந்து கேட்பவர், அடக்கி வைத்த துயரம் ஒன்று இறுதியில் எதிர்த்து எழுவதை உணர்வர். படைப்பாளரின் வாழ்க்கைக் குறிப்பாகவே ஒரு படைப்பைச் சுருக்கிவிடுதல் முறையன்று. எனினும், அவ்வாண்டில் அவர் எழுதிய கடிதங்களிலும் துயரும் எதிர்ப்புணர்வும் அருகருகே இருப்பதை மறுக்க இயலாது.

ஹைலிகன்ஸ்டாட் மடல்

1802ஆம் ஆண்டு, மருத்துவரின் அறிவுரைப்படி, வியன்னாவை அடுத்த ஹைலிகன்ஸ்டாட் என்னும் அமைதியான சிற்றூரில் பீத்தோவன் தங்கினார். உடன் நின்றவருக்குக் கேட்ட குழலோசையும் ஆயன் ஒருவனின் பாட்டும் தமக்குக் கேளாமற்போனது அவரை உலுக்கியது. அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள், தம்பியருக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் தமக்கு எழுந்ததையும், தம்முள் உள்ள இசையை முழுமையாக வெளிக்கொணராமல் உலகை விட்டுப் பிரிய இயலாது என்று தேறியதையும் அதில் எழுதினார். அம்மடலை அவர் அனுப்பவில்லை. இறக்கும்வரை தம்மிடமே வைத்திருந்தார். அவருடைய மறைவுக்குப் பின்னரே அது கண்டெடுக்கப்பட்டது.

கலை தம்மைக் காத்தது என்று எழுதியவர், அதனை மெய்ப்பித்தார். மூன்றாம் சிம்பொனி, ஐந்தாம் சிம்பொனி, 'அப்பாசியோனாட்டா' என்று பின்னாளில் பெயர் பெற்ற சொனாட்டா ஆகியவை அடுத்து வந்த சில ஆண்டுகளில் பிறந்தன. 1809ஆம் ஆண்டு, அவர் வியன்னாவை விட்டு நீங்காதிருக்கப் பிரபுக்கள் மூவர் ஆண்டு உதவித்தொகை வழங்க உடன்பட்டனர்.

ஓசையற்ற உலகில்

1814ஆம் ஆண்டையொட்டிப் பொது அரங்குகளில் பியானோ வாசிப்பதைப் பீத்தோவன் கைவிட நேர்ந்தது. 1818ஆம் ஆண்டு முதல் அவரைக் காண வந்தோர் தாம் சொல்ல விரும்பியதைக் குறிப்பேடுகளில் எழுதிக் காட்டினர். அவர் பெரும்பாலும் வாய்மொழியாக விடையளித்தார்.

செவி ஒடுங்கிய பின்னர் அவர் எவ்வாறு இசையமைத்தார் என்னும் ஐயம் எழலாம். எழுத்தைக் கண்டதும் நாம் வாய்திறவாமல் மனத்துள் படித்துக்கொள்வது போல, தேர்ந்த இசைவாணர் சுரக்குறிகளைக் கண்டதும் மனத்துள் கேட்பர். பீத்தோவன் இளமை முதலே எண்ணங்களைக் குறிப்பேடுகளில் எழுதி, அடித்து, திருத்தி, மீண்டும் எழுதிப் பழகியவர். அவ்வுழைப்பே புறச்செவி ஒடுங்கியபோது அகச்செவியாக நின்றது.

1822ஆம் ஆண்டில் நிறைவெய்திய அவருடைய கடைசிப் பியானோ சொனாட்டாவில் இரண்டே பகுதிகள் உள்ளன. முதற்பகுதி போராட்டம், இரண்டாம் பகுதி ஓர் எளிய பண்ணும் அதன் வேறுபாடுகளும். அப்பண் படிப்படியாக நுண்மையுற்று, இறுதியில் மிக உயர்ந்த சுரங்களின் நடுக்கமாக மாறி அமைதியில் முடிகிறது. இருபத்தோராண்டுகளுக்கு முன் புயலில் முடிந்த பயணம், இங்கே புயலில் தொடங்கி அமைதியைச் சேர்கிறது.

1824ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் ஒன்பதாம் சிம்பொனி வியன்னாவில் அரங்கேறியது. அவையோரின் கைதட்டலைக் கேட்க இயலாமல் பீத்தோவன் இசைக்குழுவை நோக்கியே நின்றார். பாடகியருள் ஒருவர் அவரைத் தொட்டுத் திருப்பிய பின்னரே, அசையும் கைகளை அவர் கண்டார். 1827ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் அவர் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரவர் திரண்டனர். இளம் இசையமைப்பாளர் ஷூபர்ட் தீப்பந்தம் ஏந்தி உடன் நடந்தார்.

தாம் முழுமையாகக் கேட்க இயலாத ஒலிகளைப் பிறர் கேட்கும்பொருட்டு வடித்துத் தந்தவர் பீத்தோவன். இடர் வருவதும் வராமற்போவதும் நம் கையில் இல்லை. இடரினூடே செய்து முடிக்க வேண்டிய பணி எது என்று தெளிவது நம் கையில் உள்ளது. ஹைலிகன்ஸ்டாட்டில் அவர் அடைந்த தெளிவு அதுவே. நிலவொளி சொனாட்டாவைக் கேட்க வாய்ப்பு அமைந்தால், முதற்பகுதியோடு நில்லாது இறுதிவரை கேளுங்கள்.

கற்பவை கற்றபின்

1. நிலவொளி சொனாட்டாவின் மூன்று பகுதிகளையும் கேட்டு, ஒவ்வொன்றும் உங்களுள் எழுப்பிய உணர்வுகளை ஒரு பத்தி அளவில் எழுதுக.
2. ஒரு படைப்புக்குப் பிறர் இடும் பெயர், அதனைப் புரிந்துகொள்ளத் துணைசெய்கிறதா, தடையாகிறதா? வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. செவித்திறன் குறைந்தோருடன் உரையாடும்போது நாம் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளைப் பட்டியலிடுக.