மனநோயாளரின் தோழர் புனித இறை அருளப்பர்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் அன்பு வாசகரே, அங்கொடை என்ற ஊரின் பெயரை நீங்கள் எத்தனை தரம் கேலியாகக் கேட்டிருப்பீர்கள்! பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள் சண்டை பிடித்தாலும், பஸ்ஸில் ஒருவரை ஒருவர் ஏசினாலும் அந்தப் பெயர் வசைச் சொல்லாக வந்து விழுகிறது. தன் பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த தாய்க்கோ அதைக் கேட்டதும் நெஞ்சு வெடிக்கும். இருதயத்தில் நோய் என்றால் பங்கு முழுவதும் அறியும். பூசையில் பெயர் சொல்லி மன்றாடுவோம். மனத்தில் நோய் என்றால் அடுத்த வீடும் அறியக்கூடாது. தங்கைக்குக் கல்யாணம் பேச வேண்டுமே, உறவினர் என்ன சொல்வார்களோ என்று அறைக் கதவைச் சாத்தி விடுகிறோம்.

இப்படிச் சாத்திய கதவுகளின் பின்னால் கண்ணீர் விடும் குடும்பங்களுக்குத் திருச்சபை ஒரு பாதுகாவலரைத் தந்திருக்கிறது. அவர்தான் ஆங்கிலத்தில் ஜோன் ஒவ் கோட் எனப்படும் புனித இறை அருளப்பர். மார்ச் மாதம் 8ஆந் திகதி அவருடைய திருநாள். நோயாளருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தாதிமாருக்கும் அவர் பாதுகாவலர் என்பது உங்களிற் பலருக்குத் தெரியும். அவரே ஒருகாலத்தில் பைத்தியக்காரர் என்று பிடிக்கப்பட்டு, கட்டிப் போடப்பட்டு, சவுக்கடி பட்டவர் என்பது பலருக்குத் தெரியாது.

அலைந்து திரிந்த காலம்

1495ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் மொந்தமோர்-ஓ-நோவோ என்னும் சிற்றூரில் எளிய பெற்றோருக்கு மகனாக அவர் பிறந்தார். குடும்பப் பெயர் சிதாதே. எட்டு வயதளவில் வழிப்போக்கர் ஒருவருடன் வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஸ்பெயினில் ஒரோப்பேசா என்ற ஊரை அடைந்தார். அங்கே ஒரு மேய்ப்பர் தலைவரின் வீட்டில் வளர்ந்து, ஆடு மேய்த்தார். வாலிபரானதும் படையிற் சேர்ந்தார். போரில் கைப்பற்றிய பொருள்களுக்குக் காவல் நிற்க அவரை விட்டிருந்தார்கள். பொருள்கள் களவு போயின. குற்றம் அவர் தலையில் விழுந்து, தூக்குக் கயிறு வரை போய், கடைசி நேரத்தில் உயிர் தப்பினார். பின்னர் துருக்கியருக்கு எதிரான போருக்காக வியன்னா வரை சென்று வந்தார்.

நடுவயதில் ஊர் திரும்பியபோது பெற்றோர் இருவரும் உயிருடன் இல்லை. மகனைக் காணாத துயரத்திலேயே தாய் இறந்தார் என்றும், தந்தை பிரான்சிஸ்கன் மடத்தில் சேர்ந்து அங்கேயே கண்மூடினார் என்றும் உறவினர் கூறினர். அந்தச் செய்தி அவர் மனத்தை உலுக்கியது. பின்னர் ஆபிரிக்கக் கரையிலுள்ள செயுத்தா நகரத்துக்குப் போனார். அங்கே நாடு கடத்தப்பட்டு வறுமையில் வாடிய ஒரு பிரபுவின் குடும்பத்துக்குச் சோறு போடுவதற்காக, கோட்டை மதில் கட்டும் இடத்தில் கூலி வேலை செய்தார். அதன் பின் கிப்ரால்டரில் பக்தி நூல்களையும் படங்களையும் சுமந்து விற்றார். கடைசியில் ஸ்பெயினின் கிரனாடா நகரில், எல்வீரா வாசலுக்கு அருகே சிறியதொரு புத்தகக் கடை வைத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

அரச ஆஸ்பத்திரியில்

ஒரு ஜனவரி 20ஆந் திகதி, புனித செபஸ்தியார் திருநாளன்று, பேர்போன பிரசங்கியாகிய அவிலா அருளப்பர் சுவாமியார் கிரனாடாவில் பிரசங்கம் செய்தார். (இவரும் 1970இல் புனிதராக உயர்த்தப்பட்டவர்.) அந்தப் பிரசங்கத்தைக் கேட்டதும் புத்தகக் கடைக்காரர் நிலைகுலைந்தார். தம் பாவங்களைச் சொல்லி அலறினார், தலைமயிரைப் பிய்த்தார், கடையிலிருந்த பொருள்களை எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தார், அரை உடையுடன் வீதி வீதியாக ஓடினார். சிறுவர்கள் கல்லெறிந்து பின்னால் துரத்தினர். பக்தி மிகுதியால் வந்த கோலம் என்று சொன்னவர்களும் உண்டு. மனம் உடைந்த நோய் என்று சொல்பவர்களும் உண்டு. ஊரார் அவரைப் பைத்தியம் என்றே முடிவு கட்டி, அரச ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தார்கள்.

இந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சற்று நின்று யோசியுங்கள். அது பெர்டினாந்து அரசரும் இசபெல்லா அரசியும் 1504இல் நிறுவியது. அரசு தன் பணத்தில் ஏழை நோயாளருக்கென்று கட்டிய பெரிய மாளிகை. கட்டடத்துக்கும் பணத்துக்கும் குறைவில்லை. ஆனால் மனநோய்க்கு அங்கே தெரிந்த வைத்தியம் கட்டிப் போடுவதும் சவுக்கால் அடிப்பதுமே. வலி பொறுக்காமல் புத்தி திரும்பிவிடும் என்று அக்காலத்தவர் மெய்யாகவே நம்பினார்கள். அருளப்பருக்கும் அதே வைத்தியம் நடந்தது. தமக்கு விழுந்த அடியை அவர் பொறுத்துக்கொண்டார். பக்கத்தில் கட்டுண்டு கிடந்தவர்களை அடித்தபோது பொறுக்கவில்லை. காவலாளரைக் கண்டித்தார். அதற்காக மேலும் அடி வாங்கினார்.

நாளாக ஆக அவர் மனம் அமைதி அடைந்தது. கட்டை அவிழ்த்து விட்டார்கள். உடனே வெளியே ஓடிவிடாமல் அங்கேயே தங்கி, தரை கூட்டினார், பாத்திரம் கழுவினார், நோயாளரைத் துப்புரவு செய்தார். அந்த நாட்களில் ஒரு வேண்டுதல் அவர் நெஞ்சில் முளைத்தது. தமக்கென ஒரு வீடு கிடைக்க வேண்டும், இந்தப் பாவப்பட்டவர்களைத் தம் மனம்போல் அன்பாகப் பராமரிக்க வேண்டும் என்று இறைவனை மன்றாடினார். அவிலா அருளப்பர் சுவாமியாரின் வழிகாட்டலும் அவருக்குத் துணை நின்றது.

ஒருவருக்கு ஒரு கட்டில்

வெளியே வந்தவர் குவாதலூப்பே மாதா திருத்தலத்துக்கு யாத்திரை போய்த் திரும்பினார். கிரனாடாவில் விறகு சுமந்து விற்றுத் தாமும் உண்டு ஏழைகளுக்கும் கொடுத்தார். பிறகு ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்து, தெருவில் கிடந்தவர்களைத் தோளில் தூக்கி வந்து படுக்க வைத்தார். இரவானதும் முதுகில் ஒரு பெரிய கூடை. கழுத்திலிருந்து கயிற்றில் தொங்கும் இரண்டு பானைகள். மழையானாலும் பனியானாலும் தெருத் தெருவாய்ப் போய் உரத்துக் கூவுவார். பிறருக்குக் கொடுப்பவர் தமக்கே நன்மை செய்து கொள்கிறார் என்பதே அவருடைய கூவலின் பொருள். சனங்கள் சன்னலைத் திறந்து பாணும் இறைச்சியும் சில்லறையும் கொடுத்தார்கள்.

அக்காலத்து ஆஸ்பத்திரிகளில் ஒரே படுக்கையில் இரண்டு மூன்று பேரைக் கிடத்துவது வழக்கம். அருளப்பரோ ஒருவருக்கு ஒரு கட்டில் என்று ஒழுங்கு செய்தார். நோய்க்கு ஏற்றபடி நோயாளரைப் பிரித்து வைத்தார். வீடு போதாமல் போகவே கொமேரெஸ் மேட்டுத் தெருவில் பெரிய வீட்டுக்கு மாறினார். அவருடைய கடிதங்களில் ஆறு இன்றும் உண்டு. அவற்றில் ஒன்றில், தம் வீட்டில் நூற்றுப்பத்துக்கு மேற்பட்டோர் இருப்பதாகவும், முடவர், குஷ்டரோகிகள், ஊமையர், முதியோர், சித்தம் கலங்கியோர் எல்லாரும் அவர்களில் அடங்குவதாகவும், கடன் கழுத்தை நெரிப்பதாகவும் எழுதுகிறார். மனநோயாளரை அவர் வேறு சாதியாராகத் தள்ளி வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

துய் நகரத்து ஆயர் அவருக்கு இறை அருளப்பர் என்று பெயர் சூட்டி, துறவுடையும் கொடுத்தார். அந்தோன் மார்ட்டின் என்பவர் தம் சகோதரனைக் கொன்ற பேத்ரோ வெலாஸ்கோவைப் பழிவாங்கக் காத்திருந்தார். அருளப்பர் இருவரையும் ஒப்புரவாக்க, இருவருமே அவருடைய முதல் துணைவர்களாகி நோயாளருக்குத் தொண்டு செய்தார்கள்.

வீடு தேடிப் போனவர்

ஆஸ்பத்திரி வேலையோடு அவர் நின்றுவிடவில்லை. நகரத்தில் கௌரவத்துக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே பட்டினி கிடந்த குடும்பங்கள் பல இருந்தன. வெளியே வந்து கேட்க அவர்களுக்கு வெட்கம். விதவைகள், அநாதைப் பெண்கள், வேலையிழந்தவர்கள், நோயில் விழுந்தவர்கள் ஆகியோரின் வீடுகளை அவர் தேடிப் போனார். உணவும் துணியும் கொடுத்ததோடு, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையும் தேடிக் கொடுத்தார். வெட்கத்தால் மூடிய கதவை அவர் எவ்வளவு நயமாகத் தட்டியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். நம் கொழும்பில் இன்று வேண்டியிருப்பது அந்தத் தட்டல்தான்.

1549ஆம் ஆண்டு ஜூலை 3ஆந் திகதி அரச ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தது. அவர் அடிபட்ட அதே ஆஸ்பத்திரி! சனங்கள் வெளியே திகைத்து நிற்க, அருளப்பர் உள்ளே பாய்ந்து நோயாளரை ஒவ்வொருவராகத் தூக்கி வந்தார். படுக்கைகளையும் போர்வைகளையும் சன்னல் வழியாக எறிந்தார். கோடரியுடன் கூரைமேல் ஏறித் தீ பரவாமல் வெட்டினார். நெருப்பு அவரைச் சூழ்ந்தபோது இறந்தே போனார் என்று எல்லாரும் நினைத்தார்கள். புருவம் கருகிய முகத்தோடு அவர் வெளியே வந்தார்.

அடுத்த குளிர்காலத்தில் பெருக்கெடுத்த ஹெனில் ஆற்றில் விழுந்த ஓர் இளைஞனைக் காப்பாற்றத் தண்ணீரில் குதித்தார். அந்தக் குளிரோடு வந்த காய்ச்சல் அவரை விடவில்லை. கடன் கணக்குப் புத்தகம் மட்டும் அவருக்குக் கவலையாக இருந்தது. பேராயர் பேத்ரோ குவெரேரோ கடன்களைத் தாமே ஏற்றுக்கொள்வதாக வாக்களித்தார். 1550ஆம் ஆண்டு மார்ச் 8ஆந் திகதி, கையில் பாடுபட்ட சுரூபத்துடன் முழங்காலில் நின்றபடியே உயிர் துறந்தார். அவருடைய சபையைப் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் 1572இல் அங்கீகரித்தார். 1690இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நமது நாட்டில்

வாசகரே, இந்தச் சரித்திரத்தின் சாயலை இலங்கையிலும் காணலாம். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் இங்கே சித்தம் கலங்கியோரை ஹெந்தளையிலுள்ள குஷ்டரோக ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்தார்கள். 1839இல் அவர்களுக்கென ஒரு சட்டம் பிறந்தது. பொரளையில் ஒரு காப்பகம் எழுந்தது. அது நிரம்பவே கறுவாத்தோட்டத்து ஜாவத்தையில் வேறொன்று. அதுவும் நிரம்பவே 1926இல் அங்கொடை. 1937இல் இங்கிலாந்திலிருந்து வந்து பார்வையிட்ட மனநோய் வைத்தியர் எட்வர்ட் மப்போதர் அங்கொடையின் இடநெருக்கடியைக் கடுமையாக எடுத்துரைத்தார். 1939இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில், வீட்டிலிருந்தே வந்துபோகும் நோயாளருக்கான மனநோய்க் கிளினிக் ஆரம்பமாயிற்று. 1998இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் நீக்கப்பட்டது. 2005இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கை, ஒரே பெரிய ஆஸ்பத்திரியை நம்பியிராமல், மாவட்டந்தோறும் சேவையையும் வீட்டருகே பராமரிப்பையும் நோக்கமாக வைத்தது. அங்கொடையும் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாறியது.

கட்டடம், பிறகு கிளினிக், பிறகு வீடு என்று அரசு மெல்ல மெல்ல நகர்ந்து வந்த பாதை இது. அரசர் கட்டிய மாளிகையில் அன்பு இல்லாதபோது சவுக்குத்தான் பேசியது. அருளப்பரின் அன்புக்குப் பின்னால் அரசின் பணம் இல்லாதபோது அவர் கடனாளியாகச் சாக நேர்ந்தது. ஆகவே நமக்கு இரண்டும் வேண்டும். கிளினிக்கில் மருந்து தட்டில்லாமல் கிடைக்கவும், தமிழிலே பேசிக் கேட்கும் வைத்தியர் இருக்கவும், வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதிமார் கூடவும் அரசிடம் கேட்பது நம் உரிமை. அதைத் தருமம் கேட்பதுபோல் கூச்சத்துடன் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த வீட்டுக் கதவை அரசு நமக்காகத் தட்டாது.

1983 ஆடிக் கலவரத்தை வெள்ளவத்தை கண்டது. 2019 உயிர்த்த ஞாயிறு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் நடந்ததைக் கொட்டாஞ்சேனை மறக்குமா? வெளிக்காயம் ஆறியும் உட்காயம் ஆறாதவர்கள் நம் ஆலய வாங்குகளிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் நாட்கணக்கில் தூங்காமல், பேசாமல், இல்லாத குரல்களைக் கேட்டுத் தவித்தால், மந்திரவாதியைத் தேடி மாதங்களை இழக்காதீர்கள். செபமாலை சொல்லுங்கள், கிளினிக்குக்கும் கூட்டிச் செல்லுங்கள். வெள்ளவத்தையாருக்குக் களுபோவிலையும், கொட்டாஞ்சேனையாருக்குப் பெரியாஸ்பத்திரியும் தூரமில்லை. அரசாங்க வைத்தியம் இலவசம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள். அங்கொடை திறந்த ஆண்டும் அதுவே ஆகையால் மறக்காது. மருந்தைத் தொடங்கியபின் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

நோய் அடுத்த வீட்டில் என்றால், பார்த்துக் களைத்த அந்தத் தாய்க்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். ஒரு பாத்திரம் கறியுடன் போங்கள். நோயாளியைப் பெயர் சொல்லிச் சுகம் விசாரியுங்கள். அங்கொடையைக் கேலிச் சொல்லாக்கும் பிள்ளையை அன்றே திருத்துங்கள். வருகிற மார்ச் 8ஆந் திகதிப் பூசையில், இருதய நோயாளருக்கும் நீரிழிவு நோயாளருக்கும் மன்றாடுவதுபோல மனநோயாளருக்காகவும் வாய்விட்டு மன்றாடும்படி உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள். அறைக்குள்ளிருந்து தம் பிள்ளையின் பெயரை வெளியே சொல்லத் துணியாத ஒரு குடும்பம் அன்று உங்கள் வாங்கிலேயே அமர்ந்திருக்கக் கூடும்.