குரல் இழந்த தளபதி
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

1884ஆம் ஆண்டுக் கோடைக்காலம். அமெரிக்காவில் நியூஜெர்சிக் கடற்கரையில் இருந்த தம் வீட்டில் ஒருவர் பீச் பழம் ஒன்றைக் கடித்து விழுங்கினார். தொண்டையில் சுரீரென்று வலித்தது. பழத்திலிருந்த பூச்சி ஏதேனும் கொட்டிவிட்டதோ என்று எண்ணினார். அவர்தாம் யுலிசஸ் கிராண்ட். தோல் பதனிடுபவரின் மகனாக 1822இல் பிறந்து, உள்நாட்டுப் போரில் வடபுலப் படைகளை வெற்றிக்கு நடத்தி, 1869 முதல் 1877 வரை குடியரசுத் தலைவராக வீற்றிருந்தவர்.

1862இல் அவர் டொனல்சன் கோட்டையைப் பிடித்தபோது, சுருட்டும் கையுமாக இருந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. அவ்வளவுதான். மகிழ்ந்த மக்கள் பெட்டி பெட்டியாகச் சுருட்டுகளை அனுப்பிக் குவித்தார்கள். வந்ததை வீணாக்குவானேன் என்று அவரும் புகைத்துத் தள்ளினார். முகமறியாதவர்களின் அன்பு இப்படியா வந்து சேர வேண்டும்!

எங்கள் ஊரில் தொண்டை வலித்தால் மிளகும் பனங்கற்கண்டும்தான். மருத்துவமனை நினைவு கடைசியில்தான் வரும். கிராண்டும் அப்படியே பொறுத்துப் பார்த்தார். அக்டோபரில்தான் தொண்டை மருத்துவர் டக்ளஸிடம் சென்றார். வலப்புற டான்சிலை ஒட்டியும் நாவின் அடியிலும் புற்று வேர்விட்டிருந்தது. 1885 தொடக்கத்தில் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்தனர். அறுவைக்குரிய கட்டம் கடந்துவிட்டது. கொக்கெயின் கரைசலைத் தடவி வலியைத் தணிப்பதே அன்று இயன்றது.

புகையிலையோடு மதுவும் இப்புற்றுக்குக் காரணம். பாப்பிலோமா என்னும் வைரசும் டான்சிலில் புற்றை உண்டாக்கும் என்பது வெகு காலத்திற்குப் பின்னரே தெரிந்தது. டான்சிலை எடுத்துவிட்டால் தொண்டைப் புற்றே வராது என்று நம்புவோர் உண்டு. எடுத்த இடத்தில் வரும் வாய்ப்புக் குறையலாம். நாவின் அடியும் குரல்வளையும் அங்கேயே இருக்கின்றனவே!

நோயை விடக் கிராண்டை வாட்டியது வேறொன்று. 1884 மே மாதத்தில் அவர் பங்கு வைத்திருந்த கிராண்ட்-வார்டு நிறுவனம் கூட்டாளியின் மோசடியால் நொடித்துப்போயிருந்தது. மனைவி ஜூலியாவுக்கு விட்டுச்செல்லக் கையில் ஒன்றுமில்லை. எனவே தம் நினைவுகளை நூலாக எழுத அமர்ந்தார். வெளியிட முன்வந்தவர் எழுத்தாளர் மார்க் ட்வைன். படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியில் சாய்ந்தே உறங்கினார். குரல் அடங்கியபின் சிறு தாள்களில் எழுதிக் காட்டிப் பேசினார். எழுத்து மட்டும் நிற்கவில்லை.

கடைசிப் பக்கங்களைத் திருத்தி முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23 அன்று, நியூயார்க் மாநிலத்து மக்கிரிகர் மலையில் அவர் உயிர் பிரிந்தது. இரண்டு பாகங்களாக வந்த அந்நூலால் ஜூலியாவுக்கு ஏறத்தாழ 4,50,000 டாலர் கிடைத்தது.