எல்லாக் காலத்துக்கும் ஒரே ரப்பர்: சார்லஸ் குட்இயர் வாழ்க்கை



இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டவர் ராஜாவும் இல்லை, தலைவரும் இல்லை. கடனைக் கட்ட முடியாமல் பலமுறை ஜெயிலுக்குப் போனவர். ஆனா அவர் இல்லைன்னா நம்ம ஊர் பஸ்ஸுக்கு டயர் இல்லை, நம்ம காலுக்கு ரப்பர் செருப்பும் இல்லை. அவர்தான் சார்லஸ் குட்இயர்.

இவர் 1800-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி அமெரிக்காவில் உள்ள நியூ ஹேவன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பெயர் அமாசா. சட்டைப் பித்தான், விவசாயக் கருவிகள் எல்லாம் செய்து விற்றவர். சார்லஸும் அதே தொழிலில் இறங்கினார். 1824-இல் கிளாரிசா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். பிலடெல்பியா நகரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்தார். சில வருடங்களில் கடை நொடித்துப் போனது. அந்தக் காலத்தில் கடனைத் திருப்பித் தராவிட்டால் சிறையில் போட்டுவிடுவார்கள். அப்படித்தான் முதல் தடவை உள்ளே போனார்.

1834-இல் நியூயார்க்கில் ஒரு ரப்பர் கம்பெனியின் கடைக்குப் போனார். அங்கே தண்ணீரில் மிதக்க உதவும் காற்றுப் பை ஒன்றைப் பார்த்தார். காற்று அடைக்கும் வால்வு சரியில்லை என்று தோன்றியது. அதைவிட நல்ல வால்வு ஒன்றைச் செய்துகொண்டு போய்க் காட்டினார். கம்பெனிக்காரர் அதைப் பாராட்டினார். ஆனா வால்வு பிரச்சினையே இல்லை, ரப்பர்தான் பிரச்சினை என்று சொல்லிவிட்டார்.

அது என்ன பிரச்சினை தெரியுமா? அப்போது மரத்துப் பாலில் இருந்து வந்த ரப்பரை அப்படியே ஷூ, கோட்டு என்று செய்து விற்றார்கள். வெயில் காலம் வந்தால் எல்லாம் இளகி, பிசுபிசுன்னு ஒட்டி, நாற்றம் அடிக்கும். பனிக்காலம் வந்தால் கல்லு மாதிரி இறுகி வெடித்துப் போகும். வாங்கினவர்கள் எல்லாம் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்கள். கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

வெயிலுக்கும் குளிருக்கும் ஒரே மாதிரி இருக்கும் ரப்பரை நான் செய்து காட்டுகிறேன் என்று குட்இயர் மனதுக்குள் முடிவு செய்தார். அவர் வேதியியல் படித்தவர் இல்லை. கையில் காசும் இல்லை. மறுபடியும் கடனுக்காகச் சிறைக்குப் போனபோது, கொஞ்சம் பச்சை ரப்பரும் மாவு உருட்டும் கட்டையும் கொண்டுவரச் சொன்னார். கிளாரிசா கொண்டுவந்து கொடுத்தார். ஜெயிலுக்குள்ளேயே உட்கார்ந்து ரப்பரைப் பிசைந்து பிசைந்து பார்த்தார்!

வெளியே வந்ததும் சுண்ணாம்பு சேர்த்தார், மெக்னீசியா சேர்த்தார், நைட்ரிக் அமிலம் ஊற்றினார். ஒவ்வொன்றும் முதலில் நல்லா இருக்கிற மாதிரி தெரியும், அப்புறம் கெட்டுவிடும். ஒருமுறை தபால் பைகள் செய்ய அரசாங்க ஆர்டர் கிடைத்தது. ஆசையாகச் செய்து வைத்தார். வெயிலில் அவையும் இளகிப் போயின.

பிறகு நத்தானியேல் ஹேவார்டு என்பவரிடம் ஒரு முறையை விலைக்கு வாங்கினார். ரப்பரில் கந்தகம் கலந்து வெயிலில் வைத்தால் பிசுபிசுப்பு குறையும் என்பதை ஹேவார்டு கண்டுபிடித்திருந்தார். 1839-இல் வூபர்ன் என்ற ஊரில், கந்தகம் கலந்த ரப்பர் ஒன்று சூடான அடுப்பில் பட்டுவிட்டது. உருகி ஓடும் என்றுதானே நினைப்போம்? உருகவில்லை. தோல் மாதிரி கருகியது. அதன் ஓரத்தில் மட்டும் கருகாத, இழுத்தால் நீளும் ரப்பர் இருந்தது. அதை எடுத்து ராத்திரி கடுங்குளிரில் வெளியே மாட்டி வைத்தார். காலையில் பார்த்தால் இறுகவே இல்லை, துணி மாதிரி வளைந்தது!

இதைத் தற்செயல் என்று பலர் சொன்னார்கள். குட்இயர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வருடக்கணக்காகத் தேடியவன் கண்ணுக்குத்தான் அது தெரியும் என்பது அவர் பக்கத்து நியாயம். எனக்கும் அதுதான் சரின்னு படுது.

ஏன் இப்படி ஆகிறது? பச்சை ரப்பரின் மூலக்கூறுகள் நீள நீளமான நூல் மாதிரி. சூடு பட்டால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிவிடும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், மீன் வலையில் முடிச்சுப் போட்ட மாதிரி நூலுக்கு நூல் கட்டிப்போடும். இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். இந்த முறைக்கு ரோமானியர்களின் நெருப்புக் கடவுள் வல்கன் பெயரால் வல்கனைசேஷன் என்று பெயர். பஞ்சர் கடைப் போர்டுகளில் வல்கனைசிங் என்று எழுதியிருப்பது இதுதான்.

எவ்வளவு கந்தகம், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்க இன்னும் சில வருடங்கள் ஆயின. அதுவரை வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டம். சாமான்களை எல்லாம் அடகு வைத்தார். கடைசியில் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களைக்கூட விற்றுவிட்டார். குழந்தைகள் பலர் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. விடாமுயற்சிக்கு குட்இயரை எல்லோரும் உதாரணம் சொல்கிறோம். ஆனா பசியோடு இருந்தது அவர் மட்டும் இல்லையே. புத்தகத்தைப் பறிகொடுத்த பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

1844 ஜூன் 15-இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவர் முந்திக்கொண்டு 1843-லேயே விண்ணப்பித்துவிட்டார். அமெரிக்காவிலும் பலர் அனுமதி வாங்காமல் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். 1852-இல் டேனியல் வெப்ஸ்டர் என்ற பெரிய வக்கீல் வாதாடி குட்இயருக்கு ஜெயித்துக் கொடுத்தார். ஆனாலும் வந்த பணம் வழக்குக்கும் கண்காட்சிக்கும் புது ஆராய்ச்சிக்குமே போனது. 1853-இல் கிளாரிசா இறந்துபோனார். 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் பட்ட கடனுக்கு அங்கேயும் சிறை! அதே கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் அவருக்கு விருதும் கொடுத்தார்.

1860 ஜூலை 1-ஆம் தேதி, சாகக் கிடந்த மகளைப் பார்க்கப் போகும் வழியில், நியூயார்க்கில் குட்இயர் காலமானார். அப்போது அவருக்கு இருந்த கடன் சுமார் 2 லட்சம் டாலர்.

அவர் கார் டயரைப் பார்த்ததே இல்லை. பென்ஸ் காருக்குக் காப்புரிமை வாங்கியது 1886-இல்தான். 1898-இல் தொடங்கிய குட்இயர் டயர் கம்பெனி அவர் பெயரை மரியாதைக்காக வைத்துக்கொண்டது. அவருக்கோ குடும்பத்துக்கோ அதில் பங்கு கிடையாது. அந்தக் கம்பெனி 1977-இல் டியெம்போ என்ற ஆல் சீசன் டயரைக் கொண்டுவந்தது. அதாவது எல்லாக் காலத்துக்கும் ஒரே டயர்.

பனி கொட்டும் நாடுகளில் டிரைவர்கள் இதைப் பற்றி இன்னும் வாதாடுகிறார்கள். குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயர் இறுகிப் பிடிமானம் குறையும். பனிக்கால டயரோ மெத்தென்று இருப்பதால் வெயிலில் சீக்கிரம் தேயும். குளிர் குறைவான ஊர்க்காரர்கள், வருடத்துக்கு இரண்டு தடவை டயர் மாற்றும் வேலை மிச்சம் என்று ஆல் சீசன் டயரை விரும்புகிறார்கள். பனி அதிகமான ஊர்க்காரர்களோ, பிரேக் போட்டால் வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கும், அதை நம்பக் கூடாது என்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கு ஏற்ற முத்திரை உள்ள டயர் கட்டாயம். வெயிலையும் குளிரையும் ஒரே ரப்பரில் அடக்கும் வேலை 1834-இல் ஆரம்பித்தது, இன்னும் முழுசா முடியவில்லை.

வல்கனைசிங் போர்டைப் பார்த்தால் குட்இயரை நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஜெயிலுக்கு ரப்பர் கொண்டுபோன கிளாரிசாவையும், புத்தகம் இல்லாமல் இருந்த அந்தப் பிள்ளைகளையும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி