உயரம் அளக்கல, மார்க்ஷீட் கேட்கல... கடலூரில் குமாஸ்தா ராபர்ட் கிளைவ் ராணுவ அதிகாரி ஆனது எப்படி?

ராணுவத்தில் சேரணும்னா இன்றைக்கு உயரம், மார்பளவு, ஓட்டம், எழுத்துத் தேர்வு, மருத்துவப் பரிசோதனைன்னு வரிசையா தாண்டணும். இதில் ஒன்றைக்கூட சந்திக்காமல், கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையில் ராணுவ அதிகாரி ஆனவர்தான் ராபர்ட் கிளைவ். பின்னாளில் பிளாசி போரில் வென்று, இந்தியாவில் ஆங்கிலேய ஆட்சிக்கு அடித்தளம் போட்டவர். அவருக்கு அந்த வேலை எப்படிக் கிடைச்சுது? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த கிளைவ்?

1725 செப்டம்பர் 29-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் பிறந்தவர். பல பள்ளிகள் மாறியும் படிப்பில் பெயர் எடுக்கவில்லை. சேட்டைக்குத்தான் பெயர் எடுத்தார். கிழக்கிந்திய கம்பெனியில் 'ரைட்டர்' வேலை, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா வேலை கிடைத்து 1744-ல் மெட்ராஸ் வந்து இறங்கினார். அப்போ அவருக்கு வயசு 18. சம்பளம் ஆண்டுக்கு 5 பவுண்டு. வேலையும் பிடிக்கல, ஊரும் ஒட்டல. மனச்சோர்வு அப்போதே தொடங்கிவிட்டது.

கடலூருக்கு வந்தது ஏன்?

1746 செப்டம்பரில் மெட்ராஸை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். கிளைவ் மாறுவேடத்தில் தப்பி, தெற்கே இருந்த புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். கடலூருக்குப் பக்கத்தில் கெடிலம் ஆற்றை ஒட்டி நின்ற கோட்டை அது. 1690-ல் மராட்டியரிடம் அதை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள கிராமங்களும் ஆங்கிலேயருக்கு என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் இன்றும் அதைச் சொல்கின்றன.

மெட்ராஸ் கைவிட்டுப் போனதால் இந்தக் கோட்டைதான் ஆங்கிலேயரின் தலைமையிடம். பிரெஞ்சுப் படை இங்கேயும் தாக்கியது. ஆள் பற்றாக்குறை. குமாஸ்தாக்களும் துப்பாக்கி தூக்கினார்கள். அதில் துணிச்சல் காட்டிய கிளைவுக்கு 1747-ல் 'என்சைன்' பதவி தரப்பட்டது. அதிகாரி வரிசையில் அதுதான் முதல் படி. பயிற்சிக் கல்லூரி கிடையாது, தேர்வு கிடையாது, உடல் தகுதிச் சோதனையும் கிடையாது. தனக்கென அதிகாரிகளை உருவாக்க கம்பெனி இங்கிலாந்தில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியதே 1809-ல்தான்.

சிதம்பரம் பக்கத்தில் என்ன நடந்தது?

1748-ல் மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் கடலூர் கோட்டைக்கு வந்து படையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். கிளைவ் தொழில் கற்றது இவரிடம்தான். அடுத்த ஆண்டு, சிதம்பரத்துக்குக் கிழக்கே கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் இருந்த தேவிகோட்டை மீது படையெடுப்பு. அது அப்போ தஞ்சை மன்னர் பிரதாப் சிங் வசம் இருந்தது. லெப்டினன்ட் ஆகியிருந்த கிளைவ், 34 ஐரோப்பிய வீரர்களையும் சுமார் 700 சிப்பாய்களையும் நடத்திப் போனார். சிப்பாய்கள் பின்தங்க, இடையில் புகுந்த தஞ்சைக் குதிரைப்படை ஐரோப்பியரில் 26 பேரை வெட்டிச் சாய்த்தது. கிளைவ் மயிரிழையில் தப்பினார். பிறகு லாரன்ஸ் முழுப் படையுடன் வந்துதான் கோட்டை விழுந்தது.

அதாவது, பயிற்சி இல்லாதவர் போர்க்களத்திலேயே பாடம் படித்தார். அதற்கான விலையை உயிராகக் கொடுத்தவர்கள் மற்றவர்கள்.

அதன் பிறகு?

1751-ல் ஆற்காடு கோட்டையைப் பிடித்து, சுமார் 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். அவருடன் போன 8 அதிகாரிகளில் 4 பேர் அதுவரை குமாஸ்தாக்கள். 1756-ல் அதே கடலூர் கோட்டைக்கு துணை ஆளுநராகத் திரும்பினார். அங்கிருந்து வங்காளம் போய், 1757 ஜூன் 23-ல் பிளாசியில் வென்றார். பெரும் செல்வம் சேர்த்தார். அது எப்படி வந்தது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றமே விசாரித்தது. வயிற்று வலியும் மனச்சோர்வும் கடைசி வரை விடவில்லை. வலிக்கு அபினை நம்பினார். 1774 நவம்பர் 22-ல் லண்டனில் இறந்தபோது வயது 49. அவர் பதவி பெற்ற கடலூர் கோட்டையை 1758-லேயே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள்.

அப்போ தகுதி என்பது என்ன?

இங்கேதான் விஷயம் இருக்கு. கிளைவிடம் துணிச்சல் இருந்தது, உண்மை. ஆனால் அதே துணிச்சலோடு அதே களத்தில் நின்ற தமிழ்ச் சிப்பாய் எத்தனை போர் பார்த்தாலும் ஆங்கிலேயருக்கு இணையான அதிகாரி பதவிக்குப் போக முடியாது. எழுதப்படாத முதல் தகுதி, பிறப்பு. அந்தக் கதவு இந்தியர்களுக்குத் திறக்கத் தொடங்கியது முதல் உலகப் போர் காலத்தில். டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி வந்தது 1932-ல்.

இன்றைக்கு என்ன தகுதி?

அக்னிவீர் பொதுப்பணிக்கு 10-ம் வகுப்பில் மொத்தம் 45%, ஒவ்வொரு பாடத்திலும் 33% வேணும். குறைந்தபட்ச வயது 17½. தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு உயரம் 166 செ.மீ., மார்பளவு 77 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரியணும். 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் அதற்கு முழு மதிப்பெண். அதிகாரி ஆக விரும்பினால், பிளஸ் 2 முடித்தவர்கள் என்.டி.ஏ. தேர்வு எழுதலாம். விதிகள் அவ்வப்போது மாறும். அதனால விண்ணப்பிக்கும் முன் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் புதிய அறிவிப்பைப் பார்த்துடுங்க.

ஒரு செ.மீ. குறைந்து வெளியே வரும் பையனுக்கு இந்த அளவுகோல் கடுமையாகத்தான் தெரியும். ஆனால் அந்த டேப்புக்கு, நீங்க யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியாது. கிளைவ் காலத்தில் கடலூர், சிதம்பரம் இளைஞனுக்குக் கிடைக்காதது அதுதான்.